டாக்டர் சின்னத்துல இருக்கிற பாம்பும் நம்ம அரசமரத்தடி நாகக்கல்லும்

பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிஞ்சு வந்து ஆற அமரப் படிங்க.

ரெண்டு மாசமா ஒரு படம் வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டு இருக்கு. இடது பக்கம் அரசமரத்தடியில ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு நிக்கிற நாகக்கல். வலது பக்கம் டாக்டர் சின்னம்னு ஒண்ணு: நடுவுல கோல், அதுல ரெண்டு பாம்பு, மேல றெக்கை. கீழ, இது நம்ம முன்னோர் கண்டுபிடிச்சது, வெள்ளைக்காரன் திருடிட்டான், தமிழனா இருந்தா பகிருங்கன்னு எழுதியிருக்கு. எனக்கு மட்டும் ஏழு பேர் அனுப்பிட்டாங்க. நம்ம ஆலயத்துல வெள்ளிக்கிழமை நாகர் மேடையைக் கழுவி மஞ்சள் பூசுறவன் நான்ங்கிறதால, "அண்ணே, இது உண்மையா?"ன்னு நேர்லயும் கேக்குறாங்க. இளைஞர் பிரிவு பிள்ளைங்க மருத்துவ முகாம் பேனருக்கு இதே படத்தைப் போட்டுடலாமான்னு கேட்டாங்க.

நான் படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா முப்பது வருசமா பேக்டரியில வேலை. ஒரு பார்ட் லைன்ல ஏறணும்னா எந்த லாட், எங்கிருந்து வந்துச்சு, பேப்பர் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் விடுவோம். சாமி விஷயம்னா அந்தக் கேள்வியைக் கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. அதனால கிடைச்ச நேரத்துல தேடிப் படிச்சேன். படிச்சதை வரிசையா சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். டாக்டர் சின்னம்னு நாம நினைக்கிறது ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணுல ஒரு கோல், ஒரே ஒரு பாம்பு, றெக்கை கிடையாது. இன்னொண்ணுல ரெண்டு பாம்பு, றெக்கை உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தோட சின்னத்தைப் பெருசாக்கிப் பாருங்க. உலக வரைபடத்துக்கு மேல ஒரு கோல், அதுல ஒரே பாம்பு. 1948ல அவங்க முதல் பேரவை கூடினப்ப தேர்ந்தெடுத்தது அது. பல அம்புலன்ஸ்கள்ல ஆறு கை வச்ச நீல நட்சத்திரம் இருக்குமே, அதுக்கு நடுவுலயும் ஒரு பாம்புதான். அடுத்த தடவை சாலையில பக்கத்துல போனா கவனிங்க.

அந்த ஒத்தைப் பாம்பு கிரேக்கர்களோடது. அவங்களுக்கு அஸ்க்லேபியஸ்னு ஒரு வைத்தியத் தெய்வம். நமக்குத் தன்வந்திரி மாதிரின்னு வச்சுக்குங்க. கையில நீளக் கோல், அதைச் சுத்தி ஒரு பாம்பு. கிரேக்க நாட்டுல எபிடாரஸ்னு ஒரு ஊர்ல அவருக்குப் பெரிய கோயில். இன்னைக்கு 2,300, 2,400 வருசத்துக்கு முன்னாடி அது நல்லா ஓங்கியிருந்த காலம். நோயாளிங்க அங்க யாத்திரையா வருவாங்க. குளிச்சுச் சுத்தமாகி, காணிக்கை குடுத்து, ராத்திரி கோயிலுக்குள்ளயே அதுக்குன்னு கட்டின மண்டபத்துல படுப்பாங்க. கனவுல சாமி வந்து வைத்தியம் சொல்லும்னு நம்பிக்கை. விஷமில்லாத பாம்புகளைக் கோயில்லயே வச்சிருந்தாங்க. குணமானவங்க கதையைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க, அந்தக் கல்லுங்க இன்னைக்கும் இருக்கு. மருத்துவம் படிச்சவங்க எடுக்கிற பழைய கிரேக்க உறுதிமொழியில சொல்ற தெய்வங்கள்ல அஸ்க்லேபியஸும் ஒருத்தர்.

ஏன் பாம்பு? பாம்பு சட்டை உரிக்கும். பழசைக் கழட்டிப் போட்டுட்டு பளபளன்னு வெளிய வரும். நோய் நீங்கி எழுந்த மனுசனும் அப்படித்தானேன்னு அந்தக் காலத்து ஆளுங்க நினைச்சிருப்பாங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. கொல்ற விஷமும் அதுகிட்டதான் இருக்கு. மருந்துன்னா என்ன? அளவு மாறினா விஷம். நம்ம பாட்டிங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் இது.

ரோம் நகரத்துல பொது ஆண்டுக்கு முன் 293ல பெரிய கொள்ளைநோய் வந்துச்சு. எபிடாரஸுக்கு ஆள் அனுப்பி, அந்தக் கோயில் பாம்பு ஒண்ணைக் கப்பல்ல கொண்டுவந்தாங்க. டைபர் ஆத்துக்கு நடுவுல இருக்கிற தீவுல அது இறங்கிடுச்சாம். அங்கேயே கோயில் கட்டினாங்க. பாம்பு இறங்கின கதையை நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க விருப்பம். ஆனா அந்தத் தீவுல இன்னைக்கும் ஒரு ஆஸ்பத்திரி நடக்குது. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வரேன்.

இப்ப ரெண்டு பாம்பு, றெக்கை வச்ச சின்னம். அது ஹெர்மிஸ்னு வேற ஒரு கிரேக்க தேவனோட கோல். அவர் தூதர், வியாபாரிகளுக்குக் காவல், பயணிகளுக்குக் காவல், திருடங்களுக்குக் கூட அவர்தான் காவல். சண்டை போட்ட ரெண்டு பாம்புக்கு நடுவுல கோலை வச்சதும் அதுங்க சமாதானமாகிச் சுத்திக்கிச்சுன்னு கதை. அதனால அது தூதுக்கும் வியாபாரத்துக்கும் உள்ள சின்னம். அது எப்படி மருத்துவத்துக்கு வந்துச்சு? பெரிய காரணம் அமெரிக்க ராணுவம். 1902ல அவங்க மருத்துவப் படைக்கு இந்த ரெண்டு பாம்புச் சின்னத்தை எடுத்துக்கிட்டாங்க. அங்கிருந்து அமெரிக்கா பூரா பரவி, சினிமா, மருந்து டப்பா, இன்டர்நெட் படம்னு நம்ம பேனர் கடை வரைக்கும் வந்துடுச்சு. மருத்துவ வரலாறு எழுதினவங்களே இது தப்பான கோல்னு நூறு வருசமா சொல்லிக்கிட்டு இருக்காங்க. அப்ப, அந்த வாட்ஸ்அப் படம் நம்ம நாகக்கல்லோட சேர்த்து வச்சது வைத்தியர் சின்னத்தைக் கூட இல்ல, வியாபாரிச் சின்னத்தை.

ரெண்டு பாம்பு பின்னின உருவத்துல பழசு எது? பாரிஸ்ல லூவ்ர் அருங்காட்சியகத்துல ஒரு கல் குவளை இருக்கு. இப்ப இராக்னு சொல்ற தேசத்துல, லகாஷ்ங்கிற சுமேரிய நகரத்தை ஆண்ட குடியாங்கிற அரசர் நிங்கிஷ்ஸிதாங்கிற தெய்வத்துக்குக் காணிக்கையா குடுத்தது. ஒரு கோலைச் சுத்தி ரெண்டு பாம்பு, அச்சு அசல் அதே மாதிரி. வயசு 4,000 வருசத்துக்கும் மேல. கிரேக்கக் கோயில்களுக்கெல்லாம் ரொம்ப முந்தினது.

இனி நம்ம பக்கம். நாகக்கல்லு பாக்காத தமிழன் இருக்க மாட்டான். அரசமரமும் வேப்பமரமும் சேர்ந்து நிக்கிற இடத்துல மேடை கட்டி வச்சிருப்பாங்க. ஒத்தை நாகம் படமெடுத்து நிக்கிறது உண்டு, ரெண்டு நாகம் பின்னி நடுவுல லிங்கமோ தாமரையோ இருக்கிறதும் உண்டு. பிள்ளை வரம் வேண்டி, கல்லைச் செதுக்கச் சொல்லி, சில காலம் தண்ணியில போட்டு வச்சு, அப்புறம் எடுத்துப் பிரதிஷ்டை பண்ற வழக்கம் ஊர்ல இருந்திருக்கு. நாகர்கோவில்ங்கிற ஊருக்குப் பேரே நாகராஜா கோயிலால வந்தது. அங்க மூலஸ்தானத்து மண்ணுதான் பிரசாதம். தோல் நோய்க்கு அதைப் பூசிக்கிறவங்க உண்டு. அந்தக் கோயில் தூணுங்கள்ல சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கு. நாகத்தைக் கும்பிட்டது ஒரு சமயத்துக்காரங்க மட்டும் இல்லன்னு அந்தத் தூணுங்களே சொல்லுது. கர்நாடகாவுல பனவாசிங்கிற ஊர்ல ஐந்து தலை நாகக்கல் ஒண்ணு எழுத்தோட இருக்கு, ஏறக்குறைய 1,800 வருசத்துக்கு முந்தினது.

பின்னின ரெண்டு பாம்பைப் பத்தி ஒரு வார்த்தை. சாரையும் நல்லபாம்பும் பின்னுதுன்னு தோட்டத்துல சொல்லுவாங்க, அது மேல புதுத்துணி போட்டு எடுத்து வச்சா யோகம்னும் சொல்லுவாங்க. பாம்பு படிச்சவங்க சொல்றது வேற: அப்படி நிமிர்ந்து பின்னிக்கிறது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரைங்க, பலப்பரீட்சை பண்ணுது. எப்படியோ, அந்தக் காட்சியை ஒரு தடவை பாத்தவன் மறக்க மாட்டான். இராக்ல பாத்தவன் அவன் கல்லுல வெட்டினான், நம்ம ஊர்ல பாத்தவன் நம்ம கல்லுல வெட்டினான். பாம்பு எல்லா ஊர்லயும் இருக்கு, கண்ணும் எல்லாருக்கும் இருக்கு.

என் தீர்ப்பு இதான். கிரேக்கன் நம்மகிட்ட இருந்து எடுத்தான்கிறதுக்கு யாரும் பேப்பர் காட்டல. நாம அவன்கிட்ட இருந்து எடுத்தோம்கிறதுக்கும் பேப்பர் இல்ல. நம்ம நாகர் கேக்காத பட்டத்தை நாம அவருக்குக் கட்ட வேண்டியதில்ல. அவர் பிள்ளை வரத்துக்கும் நிலத்தோட வளத்துக்கும் நிக்கிறார். அந்த வேலையை யார் கிட்டயும் கடன் வாங்காம செஞ்சுக்கிட்டு இருக்கார்.

அப்ப நாம பெருமைப்பட ஒண்ணும் இல்லையான்னு சில பேருக்குக் கோவம் வரும். இருக்கு. படத்துல தேடுறோம், அது கல்வெட்டுல இருக்கு.

காஞ்சிபுரம் பக்கம் பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடத்துல திருமுக்கூடல்னு ஒரு ஊர். அங்க பெருமாள் கோயில் சுவர்ல வீரராஜேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, ஏறக்குறைய 1068ஆம் வருசத்தது. அதுல சாமி பூசைக்கு எவ்வளவு, வேதம் படிக்கிற மாணவருக்கு எவ்வளவுன்னு கணக்கு எழுதிட்டு, அதோட ஒரு ஆஸ்பத்திரிக்கும் கணக்கு எழுதியிருக்கு. ஆதுலர் சாலைன்னு பேர். ஆதுலர்னா நோயாளி. அந்தச் சாலைக்கு வீரசோழன்னு பெயர் வச்சிருக்காங்க. 15 படுக்கை. ஒரு வைத்தியர், அறுவைச் சிகிச்சை பண்ண ஒருத்தர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச ஆளுங்க, நோயாளியைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர், தண்ணிக்கு ஆள். ஒவ்வொருத்தருக்கும் சம்பளம் நெல்லா எவ்வளவுன்னு கல்லுல இருக்கு. வருசத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துங்க பட்டியல் ஏறக்குறைய இருபது, வில்வாதி கிருதம் மாதிரி. ஸ்டோர்ல நாங்க ஸ்டாக் கார்டு எழுதுற மாதிரியே இருக்கு. அது ஊர் முழுக்கத் திறந்த ஆஸ்பத்திரி இல்ல, மாணவருக்கும் கோயில் வேலைக்காரங்களுக்கும்தான். அதையும் சொல்லிடணும். அதுக்கு முன்னாடியே தஞ்சாவூர்ல குந்தவைப் பிராட்டியார் தன் அப்பா சுந்தர சோழர் பேர்ல ஒரு ஆதுலர் சாலைக்கு நிலம் குடுத்திருக்காங்க.

இப்ப அந்த டைபர் தீவை நினைச்சுப் பாருங்க. எபிடாரஸ்ல கோயில்தான் ஆஸ்பத்திரி. திருமுக்கூடல்ல கோயிலுக்குள்ள ஆஸ்பத்திரி. நம்ம மலேசியாவுலயே பினாங்கு பாயான் லெப்பாஸ்ல சீனர்களோட பாம்புக் கோயில் இருக்கே, அங்க கும்பிடுற சோர் சூ கோங் நோய் தீர்த்த துறவின்னுதான் சொல்றாங்க. தேசம் வேற, தெய்வம் வேற. ஆனா உடம்பு முடியாதவன் முதல்ல நடந்து வந்த வாசல் கோயில் வாசல். வந்தவனுக்குப் படுக்கை போட்டுக் குடுத்தது அந்தக் கோயிலோட தர்மம். சின்னத்துக்குள்ள இருக்கிற உண்மையான பழசு இதுதான். பாம்பு யாருதுன்னு சண்டை போடுறதை விட, அந்த 15 படுக்கைக்கு நாம வாரிசா இல்லையான்னு கேட்டுக்கிறது நல்லது. மூணு ராஜகோபுரம் கட்டுற அளவுக்கு உபயம் திரட்டுறோம், ஆலயத்துல ஒரு ரத்த அழுத்த மிஷின் இருக்கான்னு பாருங்க.

பாம்பும் மருந்தும்கிறது வெறும் கதையும் இல்ல. 1950கள்ல பினாங்கு பொது மருத்துவமனையில அலிஸ்டர் ரீட்னு ஒரு டாக்டர் இருந்தார். வடக்கு மாநிலங்கள்ல ஊலார் காப்பாக் போடோன்னு மலாய்க்காரங்க சொல்ற குழிவிரியன் நிறைய. பால்வெட்டுக்காரங்க பலர் அதுகிட்ட கடி வாங்கினாங்க. அதுல நம்ம ஜனங்க எத்தனை பேர்னு நான் சொல்ல வேண்டியதில்ல. கடிபட்ட சிலருக்கு நாள் கணக்குல ரத்தம் உறையாம இருக்கிறதை ரீட் கவனிச்சு எழுதினார். ரத்தம் கட்டி அடைச்சுக்கிற நோய்க்கு இதையே மருந்தாக்கலாமேன்னு ஆராய்ச்சி போச்சு. அந்த விஷத்துல இருந்து ஆன்க்ராட்னு ஒரு மருந்து வந்துச்சு. பிரேசில் நாட்டு விரியன் ஒண்ணோட விஷத்தை ஆராய்ஞ்சுதான் கேப்டோபிரில்ங்கிற ரத்த அழுத்த மாத்திரை உருவாச்சு, 1981ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. கிளினிக் கெசிஹாத்தான்ல உங்களுக்கு எழுதிக் குடுக்கிற மாத்திரை பேர் பிரில்னு முடிஞ்சா, அது அந்தக் குடும்பம். நாகருக்கு மஞ்சள் பூசிட்டு வந்து அந்த மாத்திரையை நிறுத்திடுற அண்ணன்மாருங்க ரெண்டு மூணு பேரை எனக்குத் தெரியும். டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்கண்ணே.

விஷமுறிவு மருந்தும் பாம்பு விஷத்துல இருந்துதான் வருது. கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி, அது ரத்தத்துல உண்டாகிற எதிர்ச்சக்தியை எடுக்கிறாங்க. நம்ம ஆஸ்பத்திரிகளுக்குத் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தோட நிலையத்துல தயாராகிறது வருது. தமிழ்நாட்டுல மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ல இருந்து இருக்கு. பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுல விட்டுடுறாங்க. இந்தியாவுல விஷமுறிவு மருந்துக்குப் போற விஷத்துல பெரும் பங்கு இவங்க கை வழியா வருது. 2023ல மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. அதையும் வாட்ஸ்அப்ல பகிரலாமே.

இவ்வளவு எழுதினதுக்குக் காரணம் ஒண்ணு இருக்கு. நான் பொறந்தது குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்துல. எனக்குப் பத்து வயசு இருக்கும். பக்கத்து லயத்து மாமா ஒருத்தரைச் சாயங்காலம் புல்லு வெட்டுறப்ப நாகம் கடிச்சிடுச்சு, வலது கையில. கயித்தால இறுக்கிக் கட்டினாங்க. பிளேடால கீறினாங்க. நாகர் மேடைக்குக் கொண்டுபோய் வேப்பிலை அடிச்சு, விடியிற வரைக்கும் மந்திரம். காலையில லாரியில ஏத்திப் போனாங்க. உயிர் தப்பிச்சிடுச்சு. மூணு விரல் போச்சு. அதுக்கப்புறம் அவர் பால்மரத்துல கத்தி பிடிக்கவே இல்ல. அந்தக் குடும்பம் எப்படிச் சிரமப்பட்டுச்சுன்னு கண்ணால பாத்தவன் நான். யாரையும் குறை சொல்லல, அன்னைக்கு அவங்களுக்குத் தெரிஞ்சதைச் செஞ்சாங்க. இன்னைக்கு நமக்குத் தெரியும்.

ஜோகூர்ல செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்துலதான் புதுத் தாமான் எல்லாம் வருது. எலி இருந்தா நாகமும் இருக்கும். கடிச்சா பதறாதீங்க, ஓடாதீங்க. மோதிரம், வளையல், கடிகாரம் கழட்டிடுங்க, வீங்கும். கடிபட்ட கையையோ காலையோ அசையாம வச்சுக்குங்க. இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க, ஐஸ் வைக்காதீங்க. 999க்கு அடிங்க, இல்லன்னா பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. நம்ம பக்கத்துல விஷம் துப்புற நாகமும் உண்டு, கண்ணுல பட்டா நல்ல தண்ணியில நிறைய கழுவிக்கிட்டே டாக்டர்கிட்ட போங்க. பாம்பை அடிச்சுக் கொண்டுபோகணும்னு தேடாதீங்க, தூரத்துல நின்னு போட்டோ எடுக்க முடிஞ்சா போதும். வீட்டுக்குள்ள வந்துட்டா பொம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுங்க, அவங்க வந்து பிடிச்சிட்டுப் போவாங்க.

பிள்ளை வரம் கேட்டு நாகரைச் சுத்துற தம்பி தங்கச்சிங்களுக்கும் ஒரு வார்த்தை. சுத்துங்க, வேண்டிக்குங்க, நானே விளக்குக்கு எண்ணெய் ஊத்திக் குடுக்கிறேன். கூடவே ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்க. பொண்ணை மட்டும் அனுப்பாதீங்க.

இளைஞர் பிரிவுக்கு: பேனர்ல போடறதா இருந்தா ஒத்தைப் பாம்புக் கோலைப் போடுங்க. செஞ்சிலுவை, செம்பிறை ரெண்டையும் தொடாதீங்க, அது போர்க்களத்துல உயிர் காக்கச் சட்டம் போட்டுப் பாதுகாக்கிற சின்னம், அலங்காரத்துக்கு இல்ல. அதுக்குக் கீழ தமிழ்ல பெருசா ஆதுலர் சாலைன்னு எழுதுங்க. வர்றவங்க என்னன்னு கேப்பாங்க. திருமுக்கூடல் கதையைச் சொல்லுங்க.

நாகர் எல்லாரையும் காக்கட்டும். காக்கிற வேலையில நமக்கும் பங்கு உண்டு.

ஓம் நமசிவாய.